ஆளில்லாத ஸ்டேசன்: தோட்டவெளியும் தலைமன்னார்ப் பாதையும்

தலைமன்னார்ப் புகையிரதப் பாதையைப் பற்றி நமது சஞ்சிகைகளிலும் நாளேடுகளிலும் வந்த கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால், அனேகமானவை தலைமன்னார் இறங்குதுறையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். கப்பல், வெளிச்சவீடு, தனுஷ்கோடி, போட் மெயில் என்று சொல்வதற்கு அங்கே நிறைய இருக்கிறது. இடையில் கிடக்கிற சின்ன ஸ்டேசன்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நான் எழுத எடுத்துக்கொண்டது அப்படியான ஒன்று. மன்னார்த் தீவுக்குள்ளே, மன்னார் நிலையத்துக்கும் பேசாலைக்கும் நடுவில் இருக்கிற தோட்டவெளி.

இதைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. நான் எருக்கலம்பிட்டியில் பிறந்தவன். 1990இல் பத்து வயதில் ஊரை விட்டு வெளியேறி, புத்தளத்தில் படித்து, அங்கேயே தமிழ் படிப்பிக்கிறவன். எருக்கலம்பிட்டியின் பெயரில் புகையிரத நிலையம் கிடையாது. பாதை எங்கள் ஊருக்குள் வராமல், தீவின் நடுவே தலைமன்னார் வீதியோடு சேர்ந்து ஓடுகிறது. ஆகவே, எங்கள் ஆட்களுக்குக் கிட்டிய தரிப்பிடம் தோட்டவெளிதான். எங்கள் வாப்பாமார் "ஸ்டேசனடிக்குப் போறன்" என்று சொன்னால் ஒன்றில் மன்னார், இல்லாவிட்டால் தோட்டவெளி.

ஒரு சின்னத் தரிப்பிடத்தை வைத்து ஒரு பாதையின் வரலாற்றையும், அந்தப் பாதையோரத்து மக்களின் வரலாற்றையும் எவ்வளவு தூரம் விளங்கிக்கொள்ளலாம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரிப்பிடம் என்பது என்ன?

முதலில் சொல்லைப் பார்ப்போம். எழுத்தில் நாம் 'புகையிரதம்' என்கிறோம். புகை கக்கும் நீராவி இயந்திரங்கள் போய் டீசல் வந்து பல்லாண்டுகள் ஆன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. சிங்களத்தில் 'தும்றிய' என்பதும் புகையை வைத்து வந்த சொல்தான். பேச்சில் நமக்கு அது 'கோச்சி'. ஆங்கிலத்து 'கோச்' நம் வாயில் பட்டுக் கோச்சியாகி, சிங்களத்தில் 'கோச்சிய' என்று நிற்கிறது. இரு மொழிக்காரரும் ஒரே பெட்டியில் ஏறி ஒரே சொல்லைப் பழகிக்கொண்டார்கள் போலும்.

இனி நிலையங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லா ஸ்டேசனும் ஒன்றுதான். ஒரு மேடை, ஒரு பெயர்ப்பலகை. திணைக்களத்தின் கணக்கில் அப்படியல்ல. நிலைய அதிபர் இருந்து வண்டிகளை அனுப்பி வாங்குகிற நிலையம் ஒரு வகை. அவருக்குப் பதிலாக ஒரு பொறுப்பாளர் இருந்து டிக்கட் மட்டும் விற்கிற உப நிலையம் இன்னொரு வகை. ஆளே இல்லாமல், வண்டி நின்று போவதற்கு மட்டும் உள்ள தரிப்பிடம் மூன்றாவது.

ஒரு நிலையத்துக்கு ஏன் ஆள் வேண்டும்? டிக்கட் விற்க என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அது ஒற்றைப் பாதையின் பாதுகாப்பு.

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் ஒரே துண்டுப் பாதையில் நுழைந்துவிட்டால் விபத்துத்தான். இதைத் தடுக்கப் பழைய காலத்தில் செய்த ஏற்பாடு மிக எளிமையானது. ஆனால் மிகக் கெட்டித்தனமானது. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையிலும் உள்ள நிலையங்களில் ஒவ்வொரு கருவியை வைத்தார்கள். இரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. அந்தக் கருவிக்குள் வட்டமான உலோகத் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். அதைத்தான் ரெயில்வேக்காரர் 'டெப்லட்' என்பார்கள். ஒரு முனையில் ஒரு தட்டை வெளியே எடுத்தால், அது மறுபடி ஏதாவது ஒரு கருவிக்குள் போடப்படும் வரைக்கும் இரு முனையிலும் வேறொரு தட்டை எடுக்க முடியாது. தட்டுக் கையில் இல்லாமல் சாரதி வண்டியை அந்தத் துண்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆக, ஒரு துண்டில் ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான்.

பெரிய வளையத்தோடு கூடிய தோற்பையில் தட்டைப் போட்டு, ஓடுகிற கோச்சியிலிருந்து ஒருவர் ஒன்றை வீசி, இன்னொன்றைக் கையில் மாட்டி எடுப்பதை மலைநாட்டுப் பாதையில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தத் தட்டை மாற்றுகிற இடத்தில், வண்டிகள் ஒன்றையொன்று கடப்பதற்குக் கிளைத் தண்டவாளம் உள்ள இடத்தில், கட்டாயம் ஆள் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடம் ஒரு துண்டின் நடுவில் கிடக்கிற வெறும் நிறுத்தம். அங்கே வண்டியை அனுப்புவதற்கு நிலைய அதிபர் தேவையில்லை. காட் இறங்கி ஆட்களைப் பார்த்து விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டினால் வண்டி எடுபடும். இரவென்றால் பச்சை விளக்கு.

தரிப்பிடம் என்பது இதுதான். பாதைக்கு அதனால் ஆகவேண்டிய வேலை ஒன்றுமில்லை. அதை மூடினாலும் வண்டி ஓடும். சொல்லப்போனால் கொஞ்சம் சுறுக்காகவே ஓடும். அது இருப்பது பக்கத்து ஊர் ஆட்களுக்காக மட்டும். ஆகவே, ஒரு தரிப்பிடம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தால், அந்த ஊரை யாராவது கணக்கில் எடுக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

1914: ஊர்களுக்காகப் போடாத பாதை

தலைமன்னார்ப் பாதை மன்னார் மக்களுக்காகப் போடப்பட்டதல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பின்னால் வருவதெல்லாம் விளங்கும்.

யாழ்ப்பாணத்துக்கான வடக்குப் பாதை 1905இல் முழுமையடைந்தது. அதன் பிறகு ஆங்கிலேயருக்கு இருந்த பெரிய தேவை, தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குத் தொழிலாளரைக் கொண்டுவருவது. முந்திய தலைமுறைத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடாக மாத்தளை வரைக்கும் கால்நடையாகப் போனவர்கள். தாகத்திலும் வாந்திபேதியிலும் வழியிலே மடிந்தவர்கள் ஏராளம். அந்த நடைபாதையின் இடத்தைத்தான் இரும்புப் பாதை எடுத்துக்கொண்டது.

1914இல் மூன்று வேலைகள் ஒன்றுகூடின. இந்தியப் பக்கத்தில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, கோச்சி இராமேஸ்வரம் தீவுக்குள் வந்து தனுஷ்கோடி வரைக்கும் போனது. நமது பக்கத்தில் மதவாச்சியிலிருந்து கிளைப்பாதை புறப்பட்டு, செட்டிகுளம், மடு, முருங்கன், மாத்தோட்டம், திருக்கேதீஸ்வரம் என்று வந்து, கடல்மேற் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்து தலைமன்னார் இறங்குதுறையில் முடிந்தது. இரண்டுக்கும் இடையிலே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் கடலை நீராவிக் கப்பல் கடந்தது. ஆதாம் பாலத் திட்டுகளின் மேலே தண்டவாளமே போடலாம் என்ற யோசனையும் அந்தக் காலத்தில் இருந்தது. செலவு பெரிதென்று கப்பலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இப்படித்தான் மதராசில் ஏறியவர் கொழும்புக் கோட்டையில் இறங்கும் போட் மெயில் உண்டானது. காயல்பட்டினம், கீழக்கரை வணிகர்கள், மார்க்க அறிஞர்கள், பத்திரிகைகள், புத்தகக் கட்டுகள், புடவை மூட்டைகள் எல்லாம் இந்த வழியால் வந்தன. இலங்கை முஸ்லிம்களுக்கும் தென்னிந்திய முஸ்லிம்களுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலில், கலியாணத்தில், படிப்பில் இந்தப் பாதைக்கு உள்ள பங்கைத் தனியாகவே ஆராயலாம்.

ஆனால் இந்தப் பெரிய பயணத்தின் கணக்கில் தீவுக்குள் இருந்த ஊர்கள் வரவில்லை. மதராசும் கொழும்பும்தான் இரண்டு முனைகள். நடுவிலே பனங்காடும் மணலும் உப்புவெளியும். பாதை எந்த ஊருக்காகவும் வளையாமல் போயிற்று. ஊர்கள்தான் பாதையைத் தேடி வந்தன.

ஊரும் பெயரும்

தோட்டவெளி ஒரு கத்தோலிக்க ஊர். மன்னார்த் தீவில் கத்தோலிக்கத்தைத் தழுவிய மக்கள் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய நினைவுத் தலமாகப் போற்றப்படும் வேதசாட்சிகளின் ஆலயம் இங்கேதான் இருக்கிறது. தோட்டம், வெளி என்ற இரண்டும் சேர்ந்த பெயர். இந்தத் தீவின் மணலில் கிணறு தோண்டினால் கைக்கெட்டுகிற ஆழத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கிற இடங்கள் உண்டு. அங்கேதான் தோட்டம் நிற்கும்.

எருக்கலம்பிட்டி அதற்கு அப்பால் கரைப்பக்கம். எருக்கலை நின்ற பிட்டி, அதாவது எருக்கலை வளர்ந்த மணல்மேடு என்று பொருள் சொல்லலாம். பெரிய முஸ்லிம் ஊர். தீவில் தாராபுரம், கரிசல், புதுக்குடியிருப்பு, மன்னார் நகரத்து உப்புக்குளம், மூர்வீதி என்று முஸ்லிம்கள் வாழும் இடங்கள் வேறும் உண்டு.

பாதை போட்டவர்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்த ஊரின் பெயரைப் பலகையில் எழுதினார்கள். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு பெயர்ப்பலகை வெளியாருக்கு ஓர் ஊரை அறிமுகம் செய்கிறது. இந்தப் பாதையில் ஆயிரம் தடவை போய்வந்த ஒருவர் தோட்டவெளியை, பேசாலையை அறிவார். எருக்கலம்பிட்டியை அறியாமலேயே போயிருப்பார். பலகையில் உள்ள பெயர் ஒன்று, இறங்குகிற ஆட்கள் இரண்டு ஊர். அந்த மேடையில் சிலுவை போட்டவரும் தொப்பி போட்டவரும் ஒரே கோச்சிக்காக நின்றார்கள் என்பதை நான் பெரியவர்கள் வாயால் நிறையக் கேட்டிருக்கிறேன். யார் வீட்டு மீன் பெட்டி முதலில் ஏறுவது என்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு வருமாம்.

மீனும் கருவாடும்தான் அன்றைய பிரதான ஏற்றுமதி. கொழும்புக்குப் போகிற இரவு வண்டியில் ஐஸ் பெட்டிகள் ஏறும். வண்டி நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். "கோச்சி நமக்காக நிக்கிறதில்ல மகன், நாமதான் கோச்சிக்காக நிக்கணும்" என்று எங்கள் வாப்பா சொல்வார். வண்டி எப்போது வரும் என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை. தண்டவாளத்தில் காதை வைத்துப் பார்ப்பதும், மன்னார்ப் பக்கத்து வானத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதும்தான் நேரசூசி.

அழுதுகொண்டு போன வண்டிகள்

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டியைக் கடல் அப்படியே இழுத்துக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் தப்பவில்லை. தனுஷ்கோடிக்கு மறுபடி பாதை போடப்படவில்லை. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. 'இராமானுஜம்' என்ற கப்பலின் பெயர் எங்கள் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் தெரியும்.

அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் நாடற்றோராக ஆக்கப்பட்டிருந்த மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்பது அதன் சாரம். அந்த மிச்சப் பேரையும் 1974இல் இரண்டு நாடுகளும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டன. மக்களை இப்படிப் பங்கு போட்டதை இன்று வகுப்பில் படிப்பிக்கும்போது பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

அந்த மக்கள் போனதும் இந்தப் பாதையால்தான். அவர்களது பாட்டன்மாரைக் கொண்டுவந்து இறக்கிய அதே பாதை. மலைநாட்டு ஸ்டேசன்களில் வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் கட்டிப்பிடித்து அழுத அழுகையினால் அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் விழுந்தது. மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்.

தோட்டவெளி மாதிரியான தரிப்பிடத்தில் அந்த வண்டிகளுக்கு வேலை இல்லை. ஆனால் அவை இந்த மேடையைக் கடந்துதான் போயின. கதவோரத்தில் நின்ற முகங்களை எங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் ஒரு நாள் வந்தது.

1990

கப்பல் 1980களின் முற்பகுதியிலேயே யுத்தச் சூழலினால் நின்றுபோயிற்று. கோச்சி 1990 வரைக்கும் ஒருவாறு தாக்குப்பிடித்தது. அந்த ஆண்டு யுத்தம் மறுபடி மூண்டதோடு பாதை மூடப்பட்டது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலங்கள் தகர்க்கப்பட்டன.

ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டோம். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். அந்த நாட்களைப் பற்றிப் பலர் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே மறுபடி எழுதவில்லை. என் பொருளுக்கு வேண்டிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். தீவு முஸ்லிம்கள் போனது படகில். கடலில் கற்பிட்டிக்கு. பாலமும் இல்லை, பாதையும் இல்லை. கடல் மட்டும்தான் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிரமாயிரம் பேரைக் கொண்டுவந்தும் கொண்டுபோயும் விட்ட ஒரு பாதையின் ஓரத்தில் வாழ்ந்த மக்கள், தாங்கள் போகவேண்டி வந்த நாளில் தண்டவாளத்தை வெறுமனே கடந்து கரைக்கு நடந்தார்கள்.

பிறகு தண்டவாளமும் போயிற்று. இரும்பும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. யுத்தம் முடிந்து ஆட்கள் போய்ப் பார்த்தபோது, பாதை கிடந்த இடம் பற்றைக்குள் ஒரு நீண்ட மேடாக மட்டும் தெரிந்தது. ஸ்டேசன் இல்லாமல் போகலாம், தண்டவாளம் இல்லாமல் போகலாம். பாதை போடக் கொட்டிய மண்ணை யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை. பழைய பாதை எது என்று தேடுகிற எவருக்கும் அந்த அணைமேடுதான் முதற் சான்று.

2015: திரும்பி வந்த கோச்சி

யுத்தம் 2009இல் முடிந்தது. மன்னார்த் தீவுக்கான வீதிப்பாலம் 2010இல் திறக்கப்பட்டது. புகையிரதப் பாதையை இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் மறுபடி போட்டது. மதவாச்சியிலிருந்து மடு வரைக்கும் 43 கிலோமீற்றர் 2013இல் திறக்கப்பட்டது. மடுவிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் மிச்சம் 63 கிலோமீற்றர். 2015 மார்ச் 14ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி தலைமன்னாருக்கு வந்து அதைத் தொடக்கிவைத்தார்.

வந்தது பழைய பாதை அல்ல. கொங்கிறீற் சிலிப்பர்கள், மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடிய தண்டவாளம், புதிய சமிக்ஞை முறை. தோற்பையும் தட்டும் இந்தப் பாதையில் பழங்கதையாயின. கால் நூற்றாண்டு கோச்சியே பாராத ஒரு தலைமுறைக்கு முன்னால் மிக வேகமான கோச்சி வந்து நின்றது. பழைய கோச்சி தூரத்திலேயே சத்தம் காட்டிக்கொண்டு வரும். புதுத் தண்டவாளத்தில் வண்டி கிட்ட வரும் வரைக்கும் சத்தம் பெரிதாக இல்லை. பாதுகாப்பற்ற கடவைகள் உள்ள ஊரில் இது சின்ன விடயமல்ல. மன்னாரில் படிப்பிக்கிற நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, ஆட்டை மாட்டைத் தேடித் தண்டவாளத்தில் நடக்கும் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுங்கள் என்பதுதான்.

பாதை வந்தபோது தரிப்பிடங்களும் வந்தன. தோட்டவெளிக்கும் வண்டி நிற்கிறது. நாளுக்கு ஓரிரு வண்டிகள். நிலைய அதிபர் இல்லை. ஏறுகிறவர்கள் ஏறியதும் காட்டைத் தேடிப் போய் விடயத்தைச் சொல்லி டிக்கட் எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. மன்னாருக்கே போய் ஏறிவிடுவோம் என்று முச்சக்கரவண்டி பிடிக்கிறவர்கள்தான் கூட.

இங்கேதான் ஆளில்லாத நிலையங்களின் பெரிய பலவீனம் இருக்கிறது. டிக்கட் விற்காத நிலையத்துக்கு விற்பனைக் கணக்கு இருக்காது. எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினார்கள் என்பதைச் சொல்ல அங்கே புத்தகமும் இல்லை, ஆளும் இல்லை. தோட்டவெளிக்காரர் மன்னாரில் ஏறினால் அந்தக் காசு மன்னாரின் கணக்கில் சேரும். நாளைக்கு ஒருவர் கொழும்பிலிருந்து, 'இந்தத் தரிப்பிடத்தால் என்ன பயன்?' என்று கேட்டால் காட்டுவதற்குத் தாள் ஒன்றும் இருக்காது. ஆள் இல்லாததால் கணக்கு இல்லை. கணக்கு இல்லாததால் ஆள் போடவும் நியாயம் இல்லை. சின்ன ஸ்டேசன்கள் மெல்ல மெல்லச் சாவது பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான்.

கிளைப்பாதைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தாய்ப்பாதை மூடினால் கிளையும் மூடும். 2023 ஜனவரியில் வடக்குப் பாதையின் அநுராதபுரம்–வவுனியாப் பகுதி திருத்த வேலைக்காக மூடப்பட்டது. மதவாச்சி அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. தலைமன்னார்ப் பாதையில் பழுது ஒன்றும் இல்லாவிட்டாலும் கொழும்புக் கோச்சி வரவில்லை.

இரண்டு தரிப்பிடங்கள்

புத்தளத்தில் குடியேறிய எருக்கலம்பிட்டியார் பாலாவி நாகவில்லு, தில்லையடி முதலிய இடங்களில் இருக்கிறோம். தில்லையடியிலும் ஒரு சின்னப் புகையிரத நிலையம் உண்டு. பாலாவிக்கும் புத்தளத்துக்கும் இடையில், 1926இல் புத்தளம் வரைக்கும் வந்த பாதையில் இருக்கிறது அது.

ஆக எங்கள் சமூகத்துக்கு இரண்டு தரிப்பிடங்கள். ஒன்று விட்டுவந்த ஊருக்குப் பக்கத்தில், மற்றது வந்துசேர்ந்த ஊருக்குப் பக்கத்தில். இரண்டும் ஒரே திணைக்களத்தின் கீழ், ஒரே அகலத் தண்டவாளத்தில். தில்லையடியிலிருந்து தோட்டவெளிக்குக் கோச்சியில் போகலாமா என்று ஒரு முறை வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டேன். இலங்கைப் படத்தை விரித்துப் பார்க்கச் சொன்னேன்.

போகலாம். ஆனால் முதலில் தெற்கே சிலாபம், நீர்கொழும்பு என்று இறங்கி, கொழும்புக்குக் கிட்டவாக றாகம வரைக்கும் போகவேண்டும். அங்கே மாறிப் பொல்கஹவெல, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி என்று மறுபடி வடக்கே ஏறி, மேற்கே திரும்பி மன்னாருக்கு வரவேண்டும். கடலால் ஒரு படகு போன தூரத்துக்கு, தண்டவாளத்தால் பாதி நாட்டைச் சுற்ற வேண்டும். புத்தளத்தையும் மன்னாரையும் நேரே இணைக்கிற பாதை இல்லை. நடுவில் வில்பத்துக் காடு.

ஆதலால் எங்கள் போக்குவரத்து எல்லாம் பஸ்ஸில். கலியாணத்துக்கு, மையித்துக்கு, காணிப் பத்திரத்துக்கு, வாக்களிப்புக்கு. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் நாளில் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ்களின் மேல் தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஓர் ஊரில் பதிவும் இன்னோர் ஊரில் வாழ்வுமாக இருப்பதன் விலை என்னவென்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது.

இடம்பெயர்ந்த வடக்கு முஸ்லிம்களின் முப்பத்தைந்து வருடப் பிரச்சினையைச் சுருக்கிச் சொன்னால், அது அந்தத் தரிப்பிடத்தின் பிரச்சினைதான். மன்னாரில் கேட்டால் "நீங்க புத்தளத்து ஆக்கள்". புத்தளத்தில் கேட்டால் "நீங்க மன்னார் ஆக்கள்". வாக்காளர் இடாப்பு, வீட்டுத்திட்டம், பாடசாலை அனுமதி என்று எங்கே போனாலும், நீ உண்மையில் எங்கே இருக்கிறாய் என்ற கேள்வி வரும். உம்மா ஒரு தடவை பாரம் நிரப்பும்போது கேட்டது: "அங்க வீடு இருக்கு, இங்க புள்ளைகள் இருக்கு. நான் எந்த ஊருண்டு எழுதுறது?" ஏறுகிற இடத்திலும் கணக்கில்லை, இறங்குகிற இடத்திலும் கணக்கில்லை.

செய்யக்கூடியவை

தோட்டவெளிக்கு நிலைய அதிபரும் பெரிய கட்டடமும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாளுக்கு ஓரிரு வண்டி நிற்கிற இடத்துக்கு அது நடைமுறைக்கு ஒத்துவராது. சிறிய காரியங்கள் சில இருக்கின்றன.

முதலாவது, கணக்கு. திணைக்களம் எடுக்காத கணக்கை ஊர் எடுக்கலாம். இரு ஊர்ப் பாடசாலைகளின் மூத்த மாணவர் ஒரு மாதத்துக்கு ஏறுவோர், இறங்குவோரை எண்ணிப் பதிந்தாலே கையில் ஓர் ஆவணம் வந்துவிடும். புள்ளிவிபரம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஒப்படை கிடையாது. பள்ளிவாசல் நிர்வாகமும் ஆலய நிர்வாகமும் சேர்ந்து கையொப்பமிட்டு அனுப்பினால் அந்தத் தாளுக்கு நிறை கூடும்.

இரண்டாவது, அறிவித்தல். வண்டி நேரத்தைப் பள்ளியிலும் கோயிலிலும் ஒட்டிவைக்கலாம். வண்டி தாமதமென்றால் மன்னார் நிலையத்தில் கேட்டு ஊர்க்காரரின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டுவிட்டால் போதும். ஆளில்லாத ஸ்டேசனுக்கு ஊரே நிலைய அதிபராக இருக்கலாம். வெளிச்சமும் மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும் பிரதேச சபையிடம் கேட்கக்கூடியவை. இரவு வண்டியில் வந்து இறங்கும் பெண்களுக்கு இது அவசரத் தேவை.

மூன்றாவது, வரலாறு. இராமானுஜம் கப்பலைப் பார்த்தவர்கள், மீன் பெட்டி ஏற்றியவர்கள், ஒப்பாரிக் கோச்சி கடந்துபோனதைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஜனாஸா ஜனாஸாவாக அந்த நினைவு மண்ணுக்குள் போகிறது. ஒரு கைத்தொலைபேசியும் பொறுமையும் இருந்தால் பதிந்துவிடலாம். தோட்டவெளியின் கத்தோலிக்கப் பெரியவர்களையும் எருக்கலம்பிட்டியின் பெரியவர்களையும் ஒன்றாக இருத்திப் பதிவது இன்னும் நல்லது. ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்லுவார். இருபத்தைந்து வருடம் பிரிந்திருந்த இரண்டு ஊர்கள் பேசத் தொடங்குவதற்கு அரசியலைவிடக் கோச்சி நல்ல விடயம்.

மலையகத்திலும் கிழக்கிலும் தெற்கிலும் நமது ஊர்களுக்குப் பக்கத்தில் இப்படி எத்தனையோ சின்ன ஸ்டேசன்கள் கிடக்கின்றன. அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் எந்த ஊர், யார் இறங்கினார்கள், எப்போது நின்றது, எப்போது மறுபடி தொடங்கியது என்பதை அந்தந்த ஊர் ஆசிரியர்கள் எழுதினால் இச்சஞ்சிகைக்கு ஒரு நல்ல தொடர் கிடைக்கும். அடுத்த இதழுக்குப் புத்தளப் பாதையிலிருந்து யாராவது தொடங்கட்டும். தில்லையடியைப் பற்றி எழுதுகிறவருக்கு என்னிடம் உள்ள குறிப்புகளைத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.